தலைவலி என்று எழுதுகிறார்கள்

காரணம் என்ற கட்டத்தில்
எல்லோரும் தலைவலி என்றே எழுதுகிறார்கள்.
திங்கட்கிழமையிலிருந்து இன்றுவரை
நாற்பத்தொரு தலைவலிகள்.
உலான்பாத்தரின் குளிர் பொல்லாதது,
நிலக்கரிப் புகை அதைவிட.
என்றாலும் ஒரே பல்கலைக்கழகத்தில்
இத்தனை தலைகளா.

நான் பதிவேட்டுக்காரி. மருந்து தெரியாது.
மாணவர் மருத்துவ அறையின் முதல் மேசை என்னுடையது.
கதவைத் திறந்ததும்
வெந்நீர்க் குழாயின் வெக்கை முகத்தில் அடிக்க,
கண்ணாடி போட்டவர்களுக்கு உலகமே வெள்ளையாகிவிடும்.
ஒரு நிமிடம், சில சமயம் ஒன்றரை,
வரிசையில் நிற்பது வகுப்புத் தோழியா, வாத்தியாரின் மகனா
ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி வருவார்கள்.
அந்த நேரம் நானும் தலை தூக்குவதில்லை.
வேலை உத்தரவில் இது இல்லை.

"தள்ளிப் போயிருக்கிறது," என்றாள் ஒருத்தி.
குரல் மேசையின் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.
பின்னால் நின்றவன் ஆறுதலாக,
"நிலவியல் பரீட்சையா? எங்களுக்கும்தான்," என்றான்.
அவள் சிரித்துவிட்டாள்.
சிரிப்பு பாதியில் வேறெதுவோ ஆயிற்று.
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றாமலே ஒன்பது விரல் காட்டினாள்,
அதில் ஒரு விரல் கிழிந்திருந்தது.
நொமிந்தரி, மூன்றாம் ஆண்டு, தலைவலி
என்று எழுதிக்கொண்டேன்.

உள்ளே எர்தெனெச்சிமெக் இருக்கிறாள்.
பெயர் நீளம், கேள்விகள் குட்டை.
வலிக்கிறதா.
உனக்கு விருப்பம் இருந்ததா.
இப்போது உனக்கு என்ன வேண்டும்.
இரண்டாவது கேள்விக்குச் சிலர்
வெகுநேரம் ஜன்னலையே பார்ப்பார்களாம்.
ஜன்னலில் பார்க்க ஏதுமில்லை,
இரண்டு விரற்கடை உறைபனி.
அவள் காத்திருப்பாள்.
வரிசையும் காத்திருக்கும்.

புதன்கிழமை கன்சோரிக் என்றொரு பையன்.
வழக்கமான கட்டம், வழக்கமான சொல்.
வழக்கம்போல் உள்ளே அனுப்பினேன்.
இருபது நிமிடம் கழித்து வந்தான்
கையில் பழுப்புக் காகித உறை,
அதற்குள் ஒரு டஜன் ஆணுறை,
வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு.
"அக்கா, எனக்கு நிஜமாகவே தலைதான் வலித்தது."
என் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை கொடுத்தேன்.
விழுங்கினான். நன்றி சொன்னான். போனான்.
கதவுவரை போனவன் திரும்பி வந்து
மேசையில் விட்ட உறையை எடுத்து
கோட்டுக்குள் செருகிக்கொண்டு,
"வெள்ளி எத்தனை மணி என்றீர்கள்?"

நொமிந்தரியின் ஆள் உள்ளே வரவே இல்லை.
மைனஸ் இருபத்தாறில் அவளுடைய பையைச் சுமந்து
கதவுக்கு வெளியே நின்றிருந்தான், இமையெல்லாம் வெண்மை.
அவன் கண்ணாடி போடுகிறவன் இல்லை.
அவனுக்கு அந்த ஒரு நிமிடம் கிடையாது,
நுழைந்த கணமே எல்லாம் தெரிந்துவிடும்.
எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தேன்.
"வெக்கை வெளியே போகிறது. வா."
வந்தான்.
ஒரு கோடா இரண்டு கோடா என்பது
என் பதிவேட்டில் இல்லை.
இருவரும் சேர்ந்து பேருந்துக்கு நடந்தார்கள்,
பை இப்போது அவள் தோளில்.

எனக்குப் பத்தொன்பது வயதில், தார்கானில்,
மேசைக்குப் பின்னால் இருந்தவள்
நான் எழுதியதைச் சத்தமாக வாசித்தாள்.
நான் உண்மையை எழுதியிருந்தேன்.
திரும்பி நடந்துவிட்டேன்.
அப்புறம் எங்கே போனேன், யார் கை பட்டது,
எத்தனை நாள் காய்ச்சல்
எந்தக் கட்டத்திலும் இல்லை.
தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும்.

மாதக் கடைசியில் நிர்வாகத்திலிருந்து கடிதம்:
தலைவலி அதிகமாயிருக்கிறதே,
மாத்திரை கையிருப்பு போதுமா?
போதாது என்று எழுதினேன்.
என்ன போதாது என்பதை
எர்தெனெச்சிமெக் தனித்தாளில் இணைத்தாள்,
இரண்டு பக்கம், குட்டை வரிகளில்.