வரி இல்லாத பெருவிரல்

நான் வக்கீல் இல்லை.
வருகிறவர்களிடம் முதலில் சொல்வது அதைத்தான்.
கருங்கல் சந்தைக்குப் பின்னால் பிளவுஸ் தைக்கிறவள்.
குழித்துறையில் நாலு நாள் வகுப்பு,
கழுத்தில் மாட்ட ஓர் அட்டை,
அட்டைப் படத்தில் கண் பாதி மூடியிருக்கும்.
எனக்குத் தெரிந்த சட்டம்
ஒரு மட்டிப்பழ நீளம்.

நேசபாய் வந்தது மழை விடாத ஒரு செவ்வாய்.
கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர்.
உள்ளே எலி பாதி தின்ற போனஸ் சீட்டு,
அண்டியாபீஸ் கேட்டில் கும்பலாக எடுத்த போட்டோ.
மூன்றாம் வரிசையில் ஒரு நெற்றியைத் தொட்டு
"இது நான்தான் பிள்ளே" என்றாள்.
இருபத்தாறு வருசம் அண்டி தல்லியவள்.
ஒரு திங்கள்கிழமை போனால் கேட்டில் பூட்டு.
சேர வேண்டியதைக் கேட்டதற்கு
கொல்லத்து முதலாளியின் பதில் பதிவுத் தபாலில்:
அப்படி ஒருத்தி எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை.

மெஷினை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.
அவள் கணக்கு வருசத்தில் வராது.
சேர்ந்தது, மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது.
மேஸ்திரி மாறியது, சின்னவனுக்கு மஞ்சள்காமாலை வந்த மாசம்.
பூட்டியது, ஓடு பறந்த புயலுக்குப் பிறகு
இரண்டாவது ஈஸ்டர் கழிந்து.
எல்லாவற்றையும் தேதியாக்கினேன்.

நாகர்கோவில் ஆபீஸ் மாடிப்படியில்
முட்டில் கைவைத்து மூன்று இடத்தில் நின்றாள்.
கிளார்க் மனுவைப் புரட்டிவிட்டு
"கைநாட்டா? வையுங்க" என்றார்.
வைத்தாள். நீல வட்டம்.
"அழுத்தி வையும்மா."
இன்னொரு நீல வட்டம்.
துடைத்து வைத்தும், இடது மாற்றி வைத்தும்
மை மட்டும்தான், ஒரு கோடு கிடையாது.
தாளில் ஆறு நாவல்பழம் நசுங்கிய மாதிரி.
"ரேஷன் கடையிலயும் இப்படித்தான் சாறே,
மெஷினு என்னைத் தெரியாதுன்னு சொல்லும்."
"ரேகை விழாம வாங்க முடியாது. கொண்டு போங்க."

அவர் சொன்னது சட்டமா சோம்பலா?
என் மட்டிப்பழத்தில் அதற்குப் பதில் இல்லை.
எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து அழகாகும்.
ஆறு வட்டங்களுக்கும் கீழே எழுதினேன்:

மனுதாரரின் பெருவிரலில் ரேகை இல்லை.
அண்டித் தோலின் எண்ணெய் அதைத் தின்றுவிட்டது.
அது ஒரு வருசத்தில் தின்று தீராது.
வருகைப் பதிவேடு தம்மிடம் இல்லை என்கிறார்
எதிர்மனுதாரர்.
இந்த விரலை வருகைப் பதிவேடாகக்
குறியிட வேண்டப்படுகிறது.

கிளார்க் இரண்டு தடவை படித்தார்.
"இதெல்லாம் யாரு எழுதச் சொன்னது?"
"யாரும் சொல்லலை சாறே."
ஒரு முத்திரை, ஓர் எண். அவ்வளவுதான்.

சொல்லும்போது ஜெயித்த கதைபோல இருக்கிறது.
இல்லை. வாய்தா மூன்று முடிந்திருக்கிறது.
முதல் தடவை அதிகாரி லீவு.
அடுத்து முதலாளியின் வக்கீலுக்குக் காய்ச்சல்.
மூன்றாவதில் அவர் எழுந்து
அந்த விரலைத் தானே பார்க்க வேண்டும் என்றார்.
நேசபாய் நீட்டினாள்,
கறுத்து, தோல் பழுத்து, நகம் ஓரமாய்ச் சுருண்டது.
அவர் தொடவில்லை.
"இது எந்த அண்டியாபீசிலும் ஆகலாம்" என்றார்.
"காலம்பற ஏழுக்குச் சங்கு, விடும்போது இருட்டு.
வேற ஆபீசுக்குப் போக எனக்கு எங்க சாறே நேரம்?"
அதிகாரி தலை நிமிராமல் எதையோ எழுதினார்.
என்னவென்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் ஆளுக்கொரு பழம்பொரி.
தக்கலை தாண்டும்வரை அவள் பேசவில்லை.
பிறகு எண்ணெய்த் தாளை நாலாய் மடித்தபடி,
"எங்க வரிசையில பதினாலு பேரு.
எல்லாருக்க விரலும் இதேதான்.
கூட்டிட்டு வரட்டா?"

கடையில் ஆறு பிளவுஸ் வெட்டாமல் கிடந்தது,
கிறிஸ்துமசுக்கு ஒன்பது நாள்.
கருங்கல்லில் இறங்கி
ஒரு மைப்பெட்டி வாங்கினேன்,
முப்பத்தைந்து ரூபாய்,
பெரியது.