அரைப்பேர்

பதினெட்டுக் கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால்
அம்மாவுக்கு அரைப்பேர்.
நாள் முழுக்க மலையில் நின்றாள்,
மழையும் முழுசாய்த்தான் பெய்தது.
செக்றோலில் மட்டும் பாதி ஆள்.

கொழுந்து எடுக்காமலே
எனக்கு அந்தக் கணக்கு விளங்கியது.

ஹட்டன். பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
இக்ராம் நாநாவின் போட்டோகொப்பிக் கடை.
பள்ளி விட்டு இரண்டேகாலில் இருந்து
மஸ்கெலியாக் கடைசி பஸ் வரை.

சனிக்கிழமைச் சம்பளம்
ஞாயிற்றுக்கிழமைப் பொருளியல் வகுப்புக்கு.
அப்படித்தான் தொடங்கியது.
பிறகு ஞாயிறும் வரச் சொன்னார்.
தம்பிக்குச் சப்பாத்து, கரண்ட் பில்,
அதுபோகவும் வகுப்புக் காசு கையில் இருந்தது.
வகுப்புத்தான் இல்லை.

வகுப்பு தாள் தாளாக என்னிடம் வந்தது.
டிலோஜினி கொண்டுவருவாள் சேரின் குறிப்பை,
நாற்பது பிரதி, பின் அடித்து.
பச்சை வெளிச்சம் ஒரு தடவை ஓட
ஒரு வரி வாசிப்பேன்:
கேள்வி வளையி இடப்பக்கம் நகர்வது ஏன்?
நாற்பது தடவை அதே வரி.
விடை மறுபக்கத்தில்.
மறுபக்கம் திருப்புமுன் ஒருவர் நிற்பார்,
பிறப்புச் சான்றிதழ், அவசரம்.

மங்கின பிரதிகளை வீசாதே,
வீட்டுக்குக் கொண்டுபோ என்றார் நாநா.
நல்ல மனிதர். பிளேன்ரீ வாங்கித் தருவார்,
சோதனைக்கு லீவு கேட்டால் தருவார்.
குற்றம் சொல்ல ஆளில்லாமல் இருப்பதும்
ஒரு விதத்தில் கஷ்டம்தான்.

லயத்துப் பல்பின் அடியில் அந்தத் தாள்கள்.
டோனர் தீர்ந்த இடத்தில் பாதி வரைபு,
'ஆகவே' என்று தொடங்கி அப்பால் வெள்ளை.
நான் படித்த பொருளியல் முழுக்க
ஓரம் வெட்டுப்பட்ட பொருளியல்.

பள்ளியில் முதல் பாடம் தூக்கம்.
தவச்செல்வம் சேர் இடாப்பை விரித்து
சிவமேனகா என்பார்,
பின்வாங்கில் ஒருத்தி கிள்ளுவாள்.
"வந்திருக்கேன் சேர்."
"பாதிதான் வந்திருக்கு."
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
இடாப்பா செக்றோலா என்று
ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

பரீட்சையில் வந்தது:
அமையச் செலவு என்றால் என்ன?
உதாரணம் ஒன்று தருக. நான்கு புள்ளி.
இரண்டு பக்கம் எழுதினேன்.
சனி எழுதினேன், ஞாயிறு எழுதினேன்,
சப்பாத்தின் விலை, தம்பியின் கால் அளவு,
டிக்கோயாத் தாண்டி பஸ்ஸில் தூங்கி
நோர்வூட்டில் முழித்த இரவு.
நான்குக்கு மேல் தர
அவர்களிடம் புள்ளி இருந்திருக்காது.
அடுத்த கேள்விக்கு
என்னிடம் நேரம் இருக்கவில்லை.

பெறுபேறு வந்த இரவு கடை அடைக்கவில்லை.
படிக்கட்டு வரை வரிசை.
சுட்டெண் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தேன்.
டிலோஜினிக்கு ஏ இரண்டு, பி ஒன்று.
அழுதுகொண்டே போனவள்
பத்து ரூபாய் தர மறந்தாள், நானும் கேட்க மறந்தேன்.
கடைசியாய் என்னுடையதைத் தட்டினேன்.
சி, எஸ், எஸ்.
மூன்றும் சித்திதான்.
எங்கேயும் கூட்டிப்போகாத சித்தி.
அச்செடுக்கவில்லை. ஒரு தாள் மிச்சம்.

இப்போது மூன்று மெசின் என் பொறுப்பு.
ட்ரம் மாற்றுவேன், சிங்களத்தில் கடிதம் அடிப்பேன்,
பல்கலைக்கழக விண்ணப்பம் ஒன்லைனில் நிரப்ப
என்னைவிட வேகமாய் இந்த டவுனில் ஆளில்லை.
இதுவும் படிப்புத்தான் என்று
சில நாள் சொல்வேன்.

நேற்று ஒரு பையன்,
டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தபடி,
"அக்கா, பின்னேரத்தில மட்டும் வேலை இருக்கா?"
கையில் பௌதிகவியல் கொப்பி.
"வீடு எங்க?"
"சாமிமலை."
கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்தேன்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் சப்பாத்தைப் பார்த்தேன்.

மெசின் சூடாகக் கொஞ்சம் நேரமெடுக்கும்,
நில் தம்பி என்றேன்.