நாற்பத்தெட்டாயிரம்

ஒரே வரிதான்.
அலையைப் போடு என்றால் போடும்.
தூரம் பார்க்கும், இடம் வலம் பிரிக்கும்,
கோப்பு எங்கே கிடக்கிறது, போனில் எத்தனை ஸ்பீக்கர்,
ஒன்றும் என்னைக் கேட்காது.
கொக்குவில் ஸ்டேசனுக்குப் பின்னால் மேல்மாடி அறை,
வாடகை பாதி பாதி,
நத்தாருக்கு முதல் விளையாட்டு வெளிவர வேண்டும்.
"அந்த ஒரு வரி காணும் துவாரகி,
வா, கொத்து வாங்குவம்" என்றான் வாகீசன்.

காணும்தான்.
ஜெறோம் வரும்வரைக்கும்.

வாகீசனோடு படித்தவன். குருநகர்.
கடலட்டைக்குச் சுழியோடுகிறவன்.
எங்கள் விளையாட்டில் திரை முழுக்கக் கறுப்பு,
காதை வைத்துத்தான் வள்ளம் விட வேண்டும்.
ஹெட்போனை மாட்டினான். கண்ணையும் மூடிக்கொண்டான்.
"வள்ளம் திரும்பீட்டுது,
சத்தம் இன்னும் பழைய இடத்திலை நிக்குது."

அளந்தேன். நூற்றிருபது மில்லிசெக்கன்.
அந்த ஒரு வரிக்குள் எங்கோ
வரிசையில் நிற்கிறது என் அலை.
யார் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க
எனக்கு ஒரு யன்னல்கூட இல்லை.

கீழே இறங்கினேன்.
அங்கே அலை இல்லை. எண்கள்.
செக்கனுக்கு நாற்பத்தெட்டாயிரம்,
இடக்காதுக்கு வேறு, வலக்காதுக்கு வேறு.
வெறும் பஃபர் வந்து நிற்கும், நிரப்பு என்று.
நான்கு மில்லிசெக்கனுக்குள் நிரப்பாவிட்டால்
டிக்.
மெமரி கேட்கக் கூடாது, பூட்டுத் திறக்கக் காத்திருக்கக் கூடாது,
அந்த நான்குக்குள்
பெருமூச்சுக்கும் இடமில்லை.

மூன்று கிழமை.
வாகீசனின் பழைய போனில் டிக்.
என் தங்கச்சியின் புதுப் போனில் டிக்டிக்.
வள்ளம் திருப்பிய கணமே திரும்பியது,
கூடவே யாரோ கடலுக்கடியில்
அப்பளம் நொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

மழை, பாட்டு, மெனு எல்லாம் மேலேயே கிடக்கட்டும்,
மோட்டரும் துடுப்பும் மட்டும் என் கையில்.
தீர்ப்பென்று இல்லை.
கார்த்திகை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

டிக்கோடேயே ஜெறோமிடம் கொடுத்தேன், வெட்கத்தோடு.
திருப்பினான். தலையாட்டினான்.
பிறகு கனநேரம் ஒன்றும் பறையவில்லை.
"இந்த வெடிப்பை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?
ராவிலை வள்ளத்துக்குள்ளை படுத்தால்
அடிப்பக்கத்தாலை இப்பிடித்தான் கேக்கும்.
இறால். கல்லுக்குள்ளை இருந்து வெடிக்கும்.
ஒருத்தரும் உதைப் போடுறேல்லை."

பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு பஃபரைத் திருத்தினேன்.
டிக் நின்றது.
தண்ணீர் எடுத்துவிட்ட தொட்டி மாதிரிக் கிடந்தது கடல்.
விடியும்வரை இருந்து, எண் எண்ணாக,
அதே டிக்கை எழுதினேன்,
வலப்பக்கம், கொஞ்சம் பின்னுக்கு,
பாருக்கு அடியில்.