லக்கேஜ், பதினாறு ரூபாய்

காலை ஆறு பத்து. மேட்டுப்பாளையத்தில்
என் மடியிலிருந்த சாம்பல்நிறப் பெட்டியைப் பார்த்து
"இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர் போஜன்.
முக்கால் கிலோதான் எடை, என்றேன்.
"ஒயர் வெளியே தொங்குதே" என்று
பதினாறு ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தார்.

டெல்ஃப்டில் என் ஆய்வுக்கூடம்
கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.
அங்கே ஏற்றம் என்றால் கால்வாய்ப் பாலம்,
சைக்கிளில் ஒரே மூச்சு.
அந்தத் தரையை நம்பி
ஹைட்ரஜன் பேருந்துக்கு மூன்று வருடமாய் நான் வரைந்தவை
படுத்துத் தூங்கும் கோடுகள்.
மலையில் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள்.
மெல்லிய காற்றில் இளைக்கும், என்றேன்.
எவ்வளவு?
அதற்காகத்தான் இந்த விடுப்பு, இந்தப் பெட்டி,
கோத்தகிரி பஸ்ஸில் இந்த ஜன்னல் சீட்.

குஞ்சப்பனையில் பலா பழுத்திருந்தது.
ஆகவே யானை.
குட்டியும் தாயும் ரோட்டின் நடுவில்
ஒரு பழத்தை மிதித்துப் பிளந்து நிதானமாய்த் தின்றன.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
பெட்டி மட்டும் விநாடிக்கொரு தரம்
வேகம் பூஜ்யம், வேகம் பூஜ்யம் என்று
எழுதிக்கொண்டிருந்தது.

போஜன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"உங்க வண்டியில புகைக்குப் பதிலா என்னதான் வரும்?"
"தண்ணி."
மாநாடுகளில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள்.
போஜன் தட்டவில்லை.
"எத்தனை குடம்?"

எனக்குத் தண்ணீர் ஒரு தொல்லை.
சவ்வில் தேங்கினால் மின்சாரம் படுத்துவிடும்,
உறைந்தால் சவ்வே கிழியும்.
அதை வெளியே தள்ள இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.
குடத்தில் அளந்ததில்லை.
டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்:
கிலோ வாயுவுக்கு ஒன்பது லிட்டர்,
இந்த மலை ஏற ஐந்து கிலோ.
"மூணு குடம். பாதிக்கு மேல ஆவியாப் போயிடும்."
"போனாப் போகுது. எங்க லைனுக்கு
பதினோரு நாளைக்கு ஒருதரம்தான் குழாய் வருது.
வண்டிய எங்க முக்குல நிறுத்தச் சொல்லும்மா."

பின்சீட்டில் கருவாட்டுக் கூடையோடு இருந்த அக்கா
அதுவரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்த வாயுவ எதுலருந்து எடுப்பீங்க?"
"...தண்ணியிலருந்துதான்."
பஸ் முழுக்கச் சிரித்தது, டிரைவரும்.
யானை காதைத் திருப்பியது.

காற்றாலை, கடல்நீர், உபரி மின்சாரம் என்று
நான் ஆரம்பித்தேன்.
அதற்குள் வழி கிடைத்துவிட்டது.
இரண்டாவது கியர் என் வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு ஏறியது.

அரவேணு தாண்டியதும் காது அடைத்தது.
திரையில் காற்றழுத்தம் இறங்க, உயரம் ஏற,
நடுவே இருபத்திரண்டு நிமிடம்
ஆடாமல் அசையாமல் ஒரு கோடு.
ஆய்வு நெறிப்படி அதை நீக்க வேண்டும்.
நீக்கவில்லை. கோப்பின் பெயர்: பலா.

பயணச் செலவு அலுவலகத்திலிருந்து
நேற்று ஒரு கடிதம்.
பதினாறு ரூபாய் அனுமதிக்கப்பட்டுவிட்டது;
ரசீதின் பின்னாலிருக்கும்
மூன்று குடம் எந்தத் தலைப்பில் வரும் என்று
தெரிவிக்கவும்.