லக்கேஜ் டிக்கெட்

முப்பத்தொரு வருஷம் இதே சாலையில் போனேன்,
சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
கண்டக்டருக்கு எதிரே இருப்பவர்கள் ஆட்கள்.
யார் தூங்குகிற மாதிரி நடிக்கிறார்,
யார் ஐநூறு ரூபாயை நீட்டப்போகிறார்,
ஒழுகுகிற மீன்கூடை யாருடையது.
முன்கண்ணாடியில் வந்ததெல்லாம் டிரைவர் அருளாந்துக்கு.
எனக்குப் பிரேக் மட்டும் தெரியும்,
குதிகாலில்.

ஓய்வு பெற்று ஏழாம் மாதம்
கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன்.
"அறுபது வயசுல ஆரு தொரத்துறா ஒங்கள?"
என்றாள் முத்துராக்கு.
பதில் யோசித்து வைத்திருக்கிறேன்,
இன்னும் சொல்லவில்லை.

முதல் நாள் மூக்கையூர் வரை.
வந்து நாற்காலியில் உட்கார முடியாமல்
நின்றுகொண்டே சாப்பிட்டேன்.
அது பழக்கம்தான்.

பிறகு ஏர்வாடி. பிறகு கீழக்கரை.
பாலம் வருகிற இடமெல்லாம்
சாலை ஒரு மூச்சு ஏறுகிறது.
உப்பளத்துக்கு ஒரு வாடை, கருவாட்டுக்கு ஒரு வாடை,
இரண்டுக்கும் நடுவே
எந்த வாடையுமே இல்லாத ஒரு கிலோமீட்டர்.
அதற்கும் டிக்கெட் கிழித்திருக்கிறேன்,
அது இருப்பதே தெரியாமல்.

ஆனியில் ஒரு ஞாயிறு.
பாம்பன் போய்த் திரும்பினால் இருநூறு
என்று கிளம்பினேன், சாயல்குடியில் நாலு மணி இருட்டு,
பாட்டிலில் நீராகாரம்.
ராமநாதபுரத்தில் ஏழுகூட அடிக்கவில்லை.
உச்சிப்புளி, மண்டபம், பறந்தேன்.
என் காலா இது என்று
பாலத்தின் மேல் நின்று
தொடையைத் தட்டிப் பார்த்தேன்.
கீழே தெற்குக் கடல் கலங்கிக் குதித்தது,
வடக்கே தட்டில் ஊற்றிய மாதிரி கிடந்தது.

சைக்கிளைத் திருப்பினேன்.
அதுவரை மிதித்தது நானல்ல, கச்சான் என்று
கச்சானே வந்து
நெஞ்சில் கை வைத்துச் சொன்னது.

திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் கருவேல முள்.
ஏர்வாடி தாண்டி இன்னொன்று.
வாலிநோக்கம் விலக்கில் பொழுது சாய்கிறது,
இடது முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

பின்னால் விசில்.
எங்கள் டிப்போ வண்டி. கடுக்கன் போட்ட புதுப் பையன்.
"ஏறுங்கண்ணே."
வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்,
வாய்க்குள் மணல்.

எனக்கு பாஸ் உண்டு.
"சைக்கிளுக்கு லக்கேஜ் போடு" என்றேன்.
"ஒங்களுக்கு எதுக்குண்ணே?"
"எனக்கில்ல, அதுக்கு."
ஒரு கூடை நண்டுக்கு, ஒரு கட்டு ஓலைக்கு
எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்.
சிரித்துக்கொண்டே மிஷினில் அடித்துக் கொடுத்தான்.

வீட்டில் சட்டையைத் துவைக்க எடுத்தவள்
அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"மூணு ஸ்டேஜ்தானா போட்டிருக்கு?
மத்ததெல்லாம் மிதிச்சீகளா?"

"பாதி காத்து" என்றேன்.

சீட்டை வாங்கித் திருப்பி அதன் முதுகில்,
சில்லறை இல்லாதபோது பாக்கி எழுதித் தருவேனே,
அதே கிறுக்கல் கையெழுத்தில்
எழுதினேன்:
17 கி.மீ.