எட்டு நொடி

பயிற்சிப் பண்ணையில் என்னிடம் கொடுத்தது
ஒரு கைப்பேசி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
நூற்றுப் பதினெட்டு மாடுகளின் இரவு.
ஒவ்வொரு கழுத்துப்பட்டையிலும் ஒரு சில்லு.
மாடு நாளைக்கு எத்தனை நிமிடம் அசைபோட்டது
என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும்.
ஐந்நூறு என்றால் தூங்கு,
முந்நூறுக்குக் கீழே போனால் எழுந்து போ.
முதல் வாரப் பாடம் அவ்வளவுதான்.

ஃப்ரீஸ்லாந்தில் ஜனவரி.
வாய்க்கால்கள் கண்ணாடியாகிக் கிடந்தன.
மூன்று பன்னிரண்டுக்கு மணி அடித்தது:
2286, இருநூற்று எழுபது நிமிடம்,
கன்று போட்டு ஒன்பதாம் நாள்.
பட்டை நழுவியிருக்கும் என்று
போர்வைக்குச் சொல்லிவிட்டுக்
கட்டைவிரலால் அணைத்தேன்.

காலையில் கால்நடை மருத்துவர்
அதன் இடது விலாவைச் சுண்டிச் சுண்டிக் கேட்டார்.
ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி
என் காதில் மாட்டினார்.
உள்ளே யாரோ காலிப் பால்கேனைத் தட்டினார்கள்.
நான்காம் இரைப்பை காற்றடைத்து
மேலே மிதந்துவிட்டதாம்.
நின்ற நிலையிலேயே கிழித்துத் தைத்தார்கள்.
நான் விளக்கைப் பிடித்தேன்.
வேறெதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

மதியம் அலுவலகத் திரையில்
மாட்டின் வரி. அதற்குக் கீழே:
03:12:04 எச்சரிக்கை.
03:12:12 நிறுத்தம். பயனர்: யெல்மர்.
மாட்டை எண்ணுகிற பெட்டி
என்னையும் எண்ணியிருந்தது.

யாரும் திட்டவில்லை.
மதிப்பெண் தாளில் 'மீண்டும்' என்று ஒரே சொல்.
கூடப் படித்த விட்ஸ்கேவுக்குக்
கறவை ரோபோ கம்பெனியில் வேலை.
சீருடை, வேன், வேனின் பக்கவாட்டில் சிரிக்கும் மாடு.
போகும்போது ஹார்ன் அடித்தாள்.
எனக்கு அதே கொட்டில், அதே கைப்பேசி.

அப்புறம் பதினோரு முறை மணி அடித்தது.
பதினோரு முறையும் போனேன்.
பட்டை நழுவியிருந்தது.
பட்டை நழுவியிருந்தது.
ஒருத்தி பருவத்துக்கு வந்து
தீனியை மறந்து, பக்கத்து மாட்டின் மேல்
மோவாயை வைத்து நின்றாள்.
ஒருமுறை சில்லுக்கே கோளாறு.
மற்றதெல்லாம் ஒன்றுமில்லை,
சாணி நாற்றம், ஆறு டிகிரிக் குளிர், நான்.

2286 என்னைப் பார்த்து எழுவதே இல்லை.
படுத்தபடி தாடை மட்டும்
இடமிருந்து வலம் போய்வரும்.
ஐந்நூற்று நாற்பது.

தூக்கம் கலைந்த நாட்களில்
அந்த எட்டு நொடியை
நானும் அசைபோடுகிறேன், விடியும்வரை.
என் கழுத்தில் ஒரு பட்டை இருந்தால்
உடல்நலம் மிக நன்று என்று குறித்துக்கொள்ளும்.

இதோ, பன்னிரண்டாவது.
1904.
இடது பூட்ஸில் நேற்றைய ஈரம்.