நயம் பாராட்டுக

கோத்தகிரியில் அன்றைக்கு உறைபனி.
மேடெல்லாம் கொழுந்து கருகிக் கிடந்தது.
அரையாண்டு விடைத்தாள் முப்பத்தெட்டையும்
கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் பரப்பிக்கொண்டேன்.

நயம் பாராட்டுக: ஆறு மதிப்பெண்.
பாட்டு நான் எழுதியது. வினாத்தாளில் பேர் போடவில்லை.

    இந்நேரம் விழிப்பான் என்று
    பாலை ஆற்றுகிறாள்.
    ஆறிய பாலை
    மீண்டும் சுடவைக்கிறாள்.

விடைக்குறிப்பும் தயார்.
பாலை என்றால் பாலும் ஆம், பிரிந்தவர் நடக்கும் நிலமும் ஆம்.
சிலேடைக்கு இரண்டு.
எழுதிய ராத்திரி அந்த ஒரு சொல்லுக்காக
நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்,
சுவருக்கு அந்தப் பக்கம் அவள்
பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம்
கேட்டுக்கொண்டே.

முப்பது பேர் நோட்ஸில் உள்ளபடி
'தாயன்பின் மேன்மையைக் கவிஞர் அழகுற மொழிகிறார்.'
நாலு பேர் பாலையைக் கண்டுபிடித்தார்கள்.
மூன்று பேர் தொடவே இல்லை.

சோலூர்மட்டத்துப் பிள்ளை யோகராணி
எதுகை, மோனை, அணி என்று தலைப்பு மட்டும் போட்டுக்
கீழே காலியாக விட்டிருந்தாள்.
பக்கம் முடிகிற இடத்தில் மூன்று வரி:

    குழந்தை இல்லை என்று பாட்டில் எங்கும் இல்லை.
    மீன்டும் என்ற சொல்லில் இருக்கிறது.
    மீன்டு வருவது பால் மட்டும்தான்.

மூன்று சுழி போடவேண்டிய இடத்தில்
இரண்டு முறையும் இரண்டு சுழி.
பிழைக்கு அரை என்று போன சிவப்புப் பேனா
அங்கேயே நின்றது.
ஓசைக்காக நான் போட்டுவைத்த சொல் அது.

அதற்கும் கீழே ஒரு வரியை அடித்திருந்தாள்.
அடித்ததைத் திருத்தக்கூடாது என்பது விதி.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
'எங்க வீட்டில் அம்மா இன்னும் நாலு டம்ளர்தான் எடுக்கிறாங்க.'

உள்ளறையில் அவள் புரண்டு படுத்தாள்.
அவள் பெயர் அதில் இருப்பதுபோல்
தாளைச் சட்டென்று கவிழ்த்தேன்.
தணல் சாம்பல் பூத்த பிறகு நிமிர்த்தி
ஓரத்தில், எண்ணால் இல்லை, எழுத்தால்
ஆறு என்று எழுதினேன்.

தை பிறந்து பெற்றோர் கூட்டம்.
கொழுந்துக் கறை போகாத விரல்களுக்கு நடுவே
ரேங்க் கார்டு.
"தமிழ்ல எப்படி சார்? வீட்டுல வாயே தொறக்காது."

நல்லா படிக்கிறா, என்றேன்.
எல்லாரிடமும் சொல்வதுதான்;
அன்றைக்கு மெய்யாக.

சரிங்க சார் என்று எழுந்தவர்
தன் நாற்காலியை மேசைக்குள் தள்ளினார்.
யாரும் உட்காராத பக்கத்து நாற்காலியையும்.